வாசகர் கேள்வி–பதில்: பழைய பாட்டுக் கருவியில் புதிய ஃபர்ம்வேர்

சென்ற இதழில் கையடக்க இசைக் கருவிகளைப் பற்றிய ஒரு சிறு குறிப்பில், தயாரித்த நிறுவனமே கைவிட்டுவிட்ட கருவிகளிலும் பிறர் எழுதிய ராக்பாக்ஸ் போன்ற ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் உள் மென்பொருளை, ஏற்றிப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தோம். அதையொட்டிச் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலைப்பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

காப்பித் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவர், ஏற்காடு: எங்கள் தோட்டத்தின் பெரும்பகுதியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. ஆகவே பழைய சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் ஒன்றைத்தான் இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதில் ராக்பாக்ஸ் ஏற்றலாம் என்கிறீர்கள். நிறுவனம் தராத மென்பொருளை அந்தக் கருவி எப்படி ஏற்றுக்கொள்கிறது? பிடிக்கவில்லையென்றால் பழையபடி திரும்ப முடியுமா?

ஏற்றலாம், திரும்பவும் முடியும். விற்றுமுடித்த கருவியில் பின்னால் குறைகளைத் திருத்த வேண்டிவரும் என்பதால், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் வழியொன்றைத் தயாரிப்பாளர்களே உள்ளே வைத்துவிடுகிறார்கள். வெளியார் நுழைவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். கிளிப் பிளஸ்ஸைக் கணினியில் இணைத்து, நிறுவனம் வெளியிட்ட ஃபர்ம்வேர் கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேரடியாக அதன் சேமிப்பில் வைத்து இணைப்பைத் துண்டித்தால், கருவி அக்கோப்பைக் கண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அப்போது அது பார்ப்பது கோப்பின் அமைப்பையும், பைட்டுகளைக் கூட்டிப் பெறும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் மட்டுமே. கோப்பு யாரிடமிருந்து வந்தது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் அதில் இல்லை.

ராக்பாக்ஸ் குழுவினர் இதை ஆராய்ந்து அறிந்தபின் ஒரு சிறு நிரலை எழுதினார்கள். அது நிறுவனத்தின் மூலக் கோப்பிலுள்ள நிரலைச் சுருக்கி, சுருக்கியதால் மிச்சமான இடத்தில் தங்கள் பூட்லோடரைச் செருகி, சரிபார்ப்பு எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடுகிறது. கருவியைப் பொறுத்தவரை அது இன்னொரு புதுப்பிப்புக் கோப்பு, அவ்வளவுதான். அதன்பின் கருவியைப் போடும்போதெல்லாம் அந்தப் பூட்லோடர் முதலில் ஓடும். இடப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், சுருக்கி வைத்த பழைய ஃபர்ம்வேரை விரித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். இல்லையென்றால் சேமிப்பிலுள்ள ராக்பாக்ஸ் ஃபோல்டரிலிருந்து புதிய மென்பொருளை ஏற்றும். நிறுவனத்தின் மென்பொருள் அழிக்கப்படுவதே இல்லை என்பதால் தாங்கள் இரண்டையும் மாற்றிமாற்றிப் பயன்படுத்தலாம். முற்றிலும் பழைய நிலைக்கே போக விரும்பினால், மாற்றப்படாத மூலக் கோப்பை மறுபடி ஏற்றினால் போதும்.

இந்த முயற்சி 2001ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்க்கோஸ் நிறுவனத்தின் ஜூக்பாக்ஸ் கருவிகளில் தொடங்கியது. அக்கருவியின் மெனுவும் செயல்பாடும் போதவில்லை என்று கருதிய சுவீடன் நாட்டு நிரலர்கள் சிலர், பியோர்ன் ஸ்டென்பெர்க், டேனியல் ஸ்டென்பெர்க், லினுஸ் நீல்சன் ஃபெல்ட்ஸிங் ஆகியோர், அதற்கான மென்பொருளைத் தாங்களே எழுத முனைந்தார்கள். ஹிட்டாச்சியின் எஸ்.எச்.-1 வகைச் செயலியும் 2 எம்.பி. நினைவகமும் கொண்ட அந்தக் கருவியில் எம்.பி.3-ஐப் பாடலாக மாற்றும் வேலையைத் தனியான ஒரு சிப் செய்தது. செயலியின் வேலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படித்துக் கொடுப்பதும் திரையையும் பொத்தான்களையும் கவனிப்பதும்தான். அங்கும் வழி இருந்தது. போடும்போது டிஸ்க்கில் ஒரு குறிப்பிட்ட பெயருடைய கோப்பு இருந்தால், ஆர்க்கோஸ் தன் உள் நிரலை விட்டுவிட்டு அந்தக் கோப்பையே ஏற்றி ஓட்டும். கோப்பின் பைட்டுகள் எளிய முறையில் குழப்பப்பட்டிருந்தன. முறை தெரிந்ததும் எவரும் தம் நிரலை அவ்வாறே குழப்பி வைக்க முடிந்தது.

தங்கள் கருவியில் ஏற்றுவதற்கு முன் இரண்டைக் கவனியுங்கள். கருவியின் அமைப்புகளில் யு.எஸ்.பி. இணைப்பு முறையை எம்.எஸ்.சி. என்று வையுங்கள்; எம்.டி.பி. முறையில் கணினிக்கு அது ஒரு டிரைவாகத் தெரியாது. அடுத்து, 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள மெமரி கார்டுகள் எக்ஸ்-ஃபாட் என்ற கோப்பு அமைப்பில் விற்கப்படுகின்றன, ராக்பாக்ஸுக்கோ ஃபாட்32 வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் நெடுங்காலமாக 32 ஜி.பி.க்கு மேல் ஃபாட்32 வாய்ப்பைக் காட்டியதில்லை என்பதால் தனி ஃபார்மேட் நிரல் ஒன்று தேவைப்படலாம். ஏற்றிய பிறகு கார்டிலுள்ள பாடல்கள் தெரியவில்லை என்று வருவோரில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுக்கியிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை: மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாடல்களை ஒழுங்காகத் தொகுத்து, பாடல், பாடகர், படத்தின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலேயே பதிந்து வைத்திருக்கிறேன். ராக்பாக்ஸ் ஏற்றிய கருவியில் சில பாடல்களின் பெயர் கட்டங்கட்டமாகவும், சிலவற்றின் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் வருகின்றன. தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

எழுத்துருவைச் சேர்ப்பதால் பாதிதான் சரியாகும். தாங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்பதால் முதலில் அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

கட்டங்களாகத் தெரிபவை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் சரியாகப் பதியப்பட்ட பெயர்கள்; கருவியிலுள்ள எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாததே அங்கே குறை. ஆங்கில எழுத்துகளாகத் தெரிபவையோ யூனிகோடு பரவுவதற்கு முந்தைய குறியீடுகளில் பதிந்த கோப்புகள். பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் ‘அம்மா’ என்று பதிந்திருந்தால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகத் தெரியும். அந்த முறையில் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளிதான். உச்சிக்குறிகள் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் அது திஸ்கி போன்ற எட்டு பிட் குறியீடாக இருக்கக்கூடும். இவற்றைக் கணினியிலேயே குறியீட்டு மாற்றி ஒன்றின் துணையால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். கருவிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி எழுத்துரு. ராக்பாக்ஸ் பயன்படுத்துபவை புள்ளிகளால் வரையப்பட்ட பிட்மேப் எழுத்துருக்கள். ஒரு குறியீட்டெண்ணுக்கு ஒரு படம் என்ற கணக்கில், எண்கள் வந்த வரிசையிலேயே படங்களை அது திரையில் அடுக்கிக்கொண்டு போகும். தமிழ் யூனிகோடு அப்படி அடுக்குவதற்காக வகுக்கப்பட்டதன்று. ‘கெ’ என்ற எழுத்தில் ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கும் எழுத்தமைப்பு மென்பொருளின் வேலை. ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். உகர, ஊகார வரிசைகளில் ஒட்டுக்குறி என்று தனியே எதையும் வைக்கவே முடியாது. கு, சு, ணு, மு ஆகியவற்றைப் பாருங்கள், ஒவ்வொன்றும் தனி வடிவம். 18 மெய்களுக்கு இவ்விரு வரிசைகளில் மட்டும் 36 வடிவங்கள் வேண்டும், டி, டீ வேறு. இந்த வேலையைச் செய்யும் பகுதி ராக்பாக்ஸில் இல்லாததால், எழுத்துருவை மட்டும் சேர்த்தால் கொம்பு பின்னே நிற்கும் தமிழ்தான் கிடைக்கும். படித்துவிடலாம், ஆனால் நாற்பதாண்டுகள் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு அது பெருந்தொல்லையாகவே இருக்கும்.

இதற்கு ஒரு மாற்றுவழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டு யூனிகோடுடன் டேஸ்16 என்ற அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. அதில் உயிர், மெய், உயிர்மெய் என ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் தனித்தனி எண் உண்டு. ‘கொ’ ஓர் எண், ‘கு’ ஓர் எண், ‘க்’ ஓர் எண். கணினிகள் யூனிகோடின் எழுத்தமைப்பைத் தாமே செய்யத் தொடங்கிவிட்டதால் டேஸ்16 பொதுமக்களிடையே பரவவில்லை. ஆனால் எழுத்தமைப்புத் தெரியாத சிறு கருவிக்கு, ஓர் எண்ணுக்கு ஒரு படம் என்ற இந்த ஏற்பாடு அப்படியே பொருந்துகிறது. டேஸ்16 எண்களுக்கு உரிய பிட்மேப் எழுத்துரு ஒன்றை ஆக்கிக்கொண்டு, பாடல் விவரங்களை டேஸ்16-க்கு மாற்றிக் கருவியில் இட்டால் கொம்புகள் இடம் மாறா. பி.டி.எஃப். (BDF; ஆவணங்களுக்கான PDF அன்று) அமைப்பிலுள்ள பிட்மேப் எழுத்துருவைத் தன் அமைப்புக்கு மாற்றும் நிரலை ராக்பாக்ஸ் குழுவே தருகிறது.

மூலத் தொகுப்பின்மீது மட்டும் கை வைக்காதீர்கள். டேஸ்16-இல் பதிந்த பெயர்கள் கைப்பேசியில் கட்டங்களாகத்தான் தெரியும். ஆகவே கருவிக்கென்று எடுக்கும் படியில் மட்டும் மாற்றுங்கள். எழுத்தின் அளவையும் சற்று யோசிக்க வேண்டும். தங்களுடையதும் கிளிப் பிளஸ் வகையாக இருந்தால் அதன் திரையில் கிடைமட்டத்தில் 128 புள்ளிகளும் செங்குத்தில் 64 புள்ளிகளுமே உள்ளன. ஆங்கில எழுத்தை எட்டுப் புள்ளி உயரத்தில் படிக்க முடிகிறது. ‘ணை’, ‘ஞூ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அந்த உயரத்தில் அடைந்து கறையாகிவிடும். 16 புள்ளி உயரம் வைத்தால் திரையில் நான்கு வரிதான் கொள்ளும் என்றாலும் பாடல், பாடகர், படம் என்று மூன்று வரி காட்டுவதற்கு அது போதும்.

பொறியியல் மாணவர், கருப்பூர்: பழைய பேருந்து நிலையத்தை அடுத்த நடைபாதைக் கடையில் பெயரில்லாத எம்.பி.3 பிளேயர் ஒன்றை வாங்கினேன். ராக்பாக்ஸ் ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலில் அது இல்லை. அதை நானே ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்து, அதாவது உள்ளமைப்பைப் பிரித்தறிந்து, என் நிரலை அதில் ஓட்ட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

மூடியைக் கழற்றிச் சிப்புகளின்மேல் எழுதியிருப்பதைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். பூதக்கண்ணாடியும் சாய்வாக அடிக்கும் டார்ச் வெளிச்சமும் போதும். பெரிய சிப்பின் எண் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று. கறுப்புப் பசை ஊற்றி மூடியிருந்தாலோ எண்ணைச் சுரண்டி அழித்திருந்தாலோ அந்தக் கருவியைத் திருகாணி பழகுவதற்கு வைத்துக்கொண்டு வேறொன்றைத் தேடுவது நல்லது. பெயரற்ற கருவிகளை இழிவாக நினைக்கவும் வேண்டாம். ஒரு காலத்தில் எஸ்1 எம்.பி.3 என்று பொதுவாக அழைக்கப்பட்ட மலிவுக் கருவிகள் நூறு பெயர்களில் விற்றன. திறந்து பார்த்தவர்கள் பலவற்றுள்ளும் கண்டது ஆக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.ஜே.2085 என்ற ஒரே சிப்பைத்தான். அதனுள் இருந்ததோ 1970களின் இசட்80 செயலியின் வடிவம்! ஒருவர் கண்டுபிடித்தது அத்தனை பெயர்களுக்கும் பொருந்தியது.

எண் தெரிந்தபின் அந்தச் சிப்பின் விவரக்குறிப்பைத் தேடுங்கள். அது கிடைக்கவில்லையென்றால், அதே சிப்பைக் கொண்ட வேறு கருவிக்கு லினக்ஸ் இயங்குதளமோ ராக்பாக்ஸோ இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் மூலநிரலே விவரக்குறிப்பாகப் பயன்படும். பலகையில் எதையும் சாலிடர் செய்யாமல் வரிசையாக விடப்பட்டிருக்கும் மூன்று நான்கு வட்டப் புள்ளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஒன்று மின்சுற்றின் தரையுடனும் (கிரவுண்டு) மற்றொன்று மின்வழங்கியுடனும் இணைந்திருந்தால், எஞ்சியவை சீரியல் இணைப்பாக இருக்கக்கூடும். கருவியைப் போடும்போது அந்தப் புள்ளியில் மின்னழுத்தம் துடிக்கிறதா என்று மல்டிமீட்டரில் கண்டு, அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று உறுதிசெய்த பிறகே கணினியுடன் இணைக்கும் அடாப்டரை வையுங்கள். 5 வோல்ட் அடாப்டர் பொருத்தினால் சிப் அத்துடன் முடிந்துபோகலாம்.

அடுத்த வேலை ஃபர்ம்வேரைக் கையில் பெறுவது. தயாரிப்பாளர் புதுப்பிப்புக் கோப்பு வெளியிட்டிருந்தால் நல்லது; இல்லையென்றால் சிப்பின் யு.எஸ்.பி. பூட் முறை வழியாகவோ, ஃபிளாஷ் சிப்பை நேரடியாகப் படித்தோ எடுக்கவேண்டும். கிடைத்த கோப்பை முதலில் கணினியில் ஜிப் செய்து, அதாவது சுருக்கிப் பாருங்கள். அளவு கணிசமாகக் குறைந்தால் உள்ளே இருப்பது வெறும் நிரல். சற்றும் குறையவில்லையென்றால் அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது அல்லது பூட்டப்பட்டது. பூட்டு என்றதும் சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. ஐ.எம்.எக்ஸ்.233 வகைச் சிப்பைக் கொண்ட கருவிகளின் ஃபர்ம்வேர் 128 பிட் ஏ.இ.எஸ். என்ற மறையாக்க முறையில் பூட்டப்படுகிறது. ஆராய்ந்தபோது பல கருவிகளில் அந்தப் பூட்டின் சாவி, பதினாறு பைட்டுகளும் பூஜ்யமாக இருந்த சாவிதான்.

நிரல் திறந்த நிலையில் கிடைத்தால் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் விரித்து வெறுமனே பார்த்துக்கொண்டிருங்கள். 32 பிட் ஏ.ஆர்.எம். வகைச் செயலிக்கான நிரலாக இருந்தால் ஒவ்வொரு நான்காவது பைட்டும் பெரும்பாலும் ஹெக்ஸ் எண்ணான ‘ஈ’யில் (ஆங்கில எழுத்து E) தொடங்கும், ‘எந்நிலையிலும் செய்’ என்ற நிபந்தனைக்கு அந்தச் செயலி வைத்திருக்கும் குறி அது. பக்கம் முழுவதும் ஒரே நெடுக்குப் பத்தியில் அந்த எழுத்து இறங்கிக்கொண்டே வருவதைக் கண்டால், செயலி எதுவென்று யாரும் சொல்லவேண்டியதில்லை. பிறகு அந்த நிரல் நினைவகத்தின் எந்த முகவரியில் ஏறி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். மெனுவில் வரும் சொற்கள் கோப்பில் எந்தெந்த இடத்தில் உள்ளன என்று ஒரு பட்டியலும், நிரலில் முகவரி போலத் தோன்றும் 32 பிட் எண்களுக்கு ஒரு பட்டியலும் போடுங்கள். இரண்டு பட்டியல்களுக்கும் இடையே ஒரே வித்தியாசம் திரும்பத்திரும்ப வருமானால், அதுதான் தொடக்க முகவரி. அதைக் கொடுத்தபின் கிட்ரா போன்ற இலவச மென்பொருள் நிரலை ஓரளவு படிக்கத்தக்க வடிவில் விரித்துத் தரும். கிட்ராவை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019இல் எல்லோருக்கும் வெளியிட்டது.

முதலில் ஓட்டும் நிரல் பாட்டுப் பாடவேண்டியதில்லை. திரையின் பின்விளக்கை அணைத்து ஏற்றினால் போதும். தாங்கள் எழுதியது ஓடுகிறது என்பதற்கு அதுவே சான்று. அடுத்துத் திரையில் எழுத்து, பின்னர் செயலியின் உள்ளீட்டுக் கால்களின் மதிப்பு அனைத்தையும் திரையில் காட்டச்செய்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி எந்த பிட் மாறுகிறது என்று குறித்துக்கொள்வது. ஒலி கடைசியில்தான் வரும்.

வழியே இல்லாததுபோலத் தோன்றிய இடங்களிலும் சிலர் வழி கண்டிருக்கிறார்கள். நான்காம் தலைமுறை ஐபாட் 2004இல் வந்தபோது அதன் உட்கட்டமைப்பு முந்தையவற்றிலிருந்து மாறியிருந்தது. அதனுள்ளிருக்கும் நிரலை வெளியே எடுக்காமல் லினக்ஸை அதில் ஓட்ட இயலவில்லை, எடுப்பதற்குத் தெரிந்த இணைப்பு எதுவும் இல்லை. பொத்தானைத் தொடும்போது ‘டிக்’கென்று ஒலிக்கும் சிறு பீசோ ஒலிப்பான் ஒன்றை மட்டும் இயக்கத் தெரிந்திருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த நில்ஸ் ஷ்னைடர் என்ற மாணவர், அந்த நிரலின் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக டிக் ஒலிகளாக வெளியிடும்படி ஒரு சிறு நிரலை எழுதினார். வெளிச்சத்தம் புகாத பெட்டியில் ஐபாடையும் மைக்கையும் வைத்துப் பல மணி நேரம் ஒலிப்பதிவு செய்து, பதிவான ஒலியைக் கணினியில் மீண்டும் பிட்டுகளாக மாற்றிக்கொண்டார். 2006இல் வந்த இரண்டாம் தலைமுறை நானோவின் ஃபர்ம்வேர் மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால் சில ஆண்டுகள் எவராலும் அதனுள் நுழைய முடியவில்லை. கடைசியில் அதிலிருந்த குறிப்புகள் படிக்கும் வசதியே காலை வாரிவிட்டது: குறிப்பில் அளவுக்கு மீறி நீளமான ஓர் இணைப்பை எழுதினால், அது தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, அதனூடே வெளி நிரலை ஓடச்செய்தது. தங்கள் கருவியிலும் மெனுவின் மூலைமுடுக்குகளில் உள்ள மின்னூல், குறிப்பு, படம் காட்டும் வசதிகளை ஒருமுறை கவனித்துப் பார்த்துவிடுங்கள்.

பட்டுத்தறி நெசவாளர், அம்மாபேட்டை: என் தம்பிக்குக் கண்பார்வை இல்லை. தொடுதிரைக் கைப்பேசியில் பாட்டுக் கேட்பது அவனுக்குச் சிரமமாக இருக்கிறது. பேசும் பாட்டுக் கருவி ஏதாவது இருக்கிறதா?

ராக்பாக்ஸ் பேசும். மெனுவில் எந்த வரியில் நிற்கிறோம், ஒலி எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்பதை எல்லாம் சொல்லும். நிறுவனங்களின் ஃபர்ம்வேரில் அரிதாகவே காணப்படும் இந்த வசதிக்காக மட்டுமே இதை ஏற்றிக்கொள்ளும் பார்வையற்றோர் பல நாடுகளில் உண்டு. கருவி தானாக உச்சரிப்பதில்லை. மெனு வரிகளுக்கான பேச்சைக் கணினியில் முன்கூட்டியே உண்டாக்கி, ஒரே குரல் கோப்பாகக் கருவியில் வைக்கிறோம். பாடல்களுக்கும் ஃபோல்டர்களுக்கும் அவ்வாறே தனித்தனியாகச் சிறு ஒலித்துண்டுகளை வைக்கலாம்.

தமிழில் பேசவைப்பதற்கு மேலே ஆசிரியருக்குச் சொன்ன எழுத்துச் சிக்கல் தடையன்று. ராக்பாக்ஸின் மொழிக்கோப்பில் ஒவ்வொரு மெனு வரிக்கும் திரையில் காட்டும் சொல் ஓரிடத்திலும், பேசவேண்டிய சொல் வேறோரிடத்திலும் எழுதப்படுகின்றன. திரைக்கு ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு, பேச்சுக்கு மட்டும் ‘ஒலி அளவு’, ‘அடுத்த பாட்டு’ என்று தமிழில் எழுதி, தமிழ் படிக்கத் தெரிந்த ஈஸ்பீக் போன்ற மென்பொருளிடம் கொடுத்துக் குரல் கோப்பை உண்டாக்கலாம். இயந்திரக் குரல் சற்றுக் கரகரப்பாகத்தான் இருக்கும். ஃபோல்டர்களின் பெயர்களுக்காவது தாங்களே பேசிப் பதிந்து வைத்தால், தம்பிக்கு அண்ணன் குரலிலேயே கேட்கும். வாங்கும்போது தொடுதிரை இல்லாததாகவும், பொத்தான்கள் தடவினால் தெரியும்படி மேடாக உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள்.

கைப்பேசி பழுதுநீக்கும் கடைக்காரர், அஸ்தம்பட்டி: வாடிக்கையாளர்களுக்கு இதைக் கூலிக்கு ஏற்றிக் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா?

ராக்பாக்ஸ் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியாவது, ஏற்றிக் கொடுத்துக் கூலி வாங்குவதற்கு அந்த உரிமம் தடை சொல்லவில்லை. மென்பொருளின் படியைத் தாங்கள் கொடுக்கும்போது அதன் மூலநிரலும் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வழி செய்யவேண்டும். ஆராய்ச்சியைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(ஏபி) பிரிவு, ஒரு நிரலை முறையாக வைத்திருப்பவர் தனியாக எழுதப்பட்ட வேறு நிரல் அதனுடன் இணைந்து இயங்குவதற்குத் தேவையான தகவல் எளிதில் வேறு வழியில் கிடைக்காதபோது, அதைப் பெறச் செய்யவேண்டியதைச் செய்ய இடமளிக்கிறது. அடுத்த (ஏசி) பிரிவு, நிரல் இயங்கும் விதத்தைக் கவனித்தும் சோதித்தும் அதன் அடிப்படைக் கருத்துகளை அறிய இடமளிக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதையே அது குறிக்கிறது. நிறுவனத்தின் ஃபர்ம்வேரோடு கலந்து செய்த கோப்பைத் தாங்கள் பலருக்கும் பகிர்ந்தால் மட்டும் கதை வேறு. அதனுள் நிறுவனத்தின் நிரல் இருக்கிறது. ஒவ்வொரு பயனரும் மூலக் கோப்பைத் தாமே இறக்கிக்கொள்ளும்படி ராக்பாக்ஸ் குழு கேட்பதும் இதனால்தான். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம் செல்லுங்கள், எங்களிடம் வரவேண்டாம்.

வாசகி, ஆத்தூர்: புதிய ஃபர்ம்வேரால் ஒலித்தரம் உயருமா?

ஒலியை உண்டாக்கும் சிப் மாறுவதில்லை, ஆகவே பெரிதாக உயராது. கூடுதலாகக் கிடைப்பவை நுட்பமான ஈக்வலைசரும், பாட்டுக்குப் பாட்டு ஒலி ஏறியிறங்காமல் சமன்செய்யும் வசதியும், இடைவெளியின்றி அடுத்த பாட்டுக்குச் செல்வதும். ஆலாபனை ஒரு கோப்பிலும் கீர்த்தனை அடுத்ததிலும் இருக்கும் கச்சேரிப் பதிவுகளை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சொன்னதன் அருமை தெரியும்.

வாசகர், நாகலூர்: மழைக்காலம் முடிந்து எடுத்தபோது ஹெட்போன் ஜாக்கில் பச்சை பூத்திருந்தது, கருவியின் பின்மூடியும் சற்று மேலெழும்பியிருக்கிறது. ஃபர்ம்வேர் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது, முதலில் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். மூடி எழும்பியிருப்பதற்குக் காரணம் பேட்டரி உப்பியிருப்பதாகவே இருக்கவேண்டும். அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. உலோக முனையுள்ள கருவிகளால் நெம்பாமல் கழற்றி, மின்கழிவு வாங்குவோரிடம் சேர்த்துவிடுங்கள். மாற்றாக வாங்கும் பேட்டரி அதே 3.7 வோல்ட்டாகவும், பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாகவும், அந்தக் குழிக்குள் அழுத்தமின்றி அமர்வதாகவும் இருக்கவேண்டும். பழையதில் மூன்று ஒயர்கள் இருந்தால் மூன்றாவது பெரும்பாலும் வெப்பநிலையை உணர்வதற்கானது, அதை வெட்டிவிட்டால் சில கருவிகள் சார்ஜ் ஏற்க மறுக்கும். ஜாக்கின் பச்சையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் புதுப் பேட்டரியைப் பொருத்துங்கள். ஃபர்ம்வேரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.